நாயோடு நடக்கப் போகும்போது கயிறு எவ்வளவு நீளம்?

கேட்டவர் நாகர்கோவிலில் ஒன்றரை வயது லாப்ரடார் வளர்க்கிறார். சொன்ன பேச்சைக் கேட்கும் நாய். பூங்காவில் கயிறில்லாமல் விட்டதற்கு நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா, சானல்கரையிலும் (பாசனக் கால்வாயின் கரை) கடற்கரையிலுமாவது அவிழ்த்துவிடலாமா, மலைப்பக்கம் கூட்டிப் போகலாமா, ஒன்பது வயது மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கலாமா என்பதுதான் கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேலாக நாய் வளர்க்கிறேன், தெரிந்தவர்களின் நாய்களுக்கு நடை பழக்கியும் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். பூங்காவில் நாய்க்கு இத்தனை அடிக் கயிறு என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. அந்தந்த உள்ளாட்சியும் பூங்கா நிர்வாகமும் வைக்கும் விதிதான், வாசலில் பலகை இருந்தால் படித்துவிடுங்கள். அதைத் தாண்டி எல்லோரையும் கட்டுப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. உங்கள் பொறுப்பில் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவாக இருந்தது, அபராதம் அப்போது 1,000 ரூபாய். இந்தப் பிரிவு நாய் கடித்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை, நீங்கள் கவனமாக இருந்தீர்களா என்று பார்க்கிறது. கையில் கயிறில்லை என்றால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

அதே நேரத்தில் நாயைப் பூங்காவுக்குக் கொண்டுவரவே கூடாது என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ப்பு நாய்களைப் பூங்காவிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்க வேண்டாம், வேண்டுமானால் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப் போடுவதும் குற்றம், எந்நேரமும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கக் கூட்டிப் போகாமல் இருப்பதும் குற்றம். நம் ஊரில் காம்பவுண்டுக்குள் இரண்டு முழச் சங்கிலியில் ஆயுசு முழுக்கக் கிடக்கும் நாய்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. நீங்கள் தினமும் நடக்கக் கூட்டிப் போகிறீர்கள் என்பதே பெரிய விஷயம், அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, சொன்ன பேச்சைக் கேட்கும் நாய்க்கு ஏன் கயிறு? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு சானல்கரையில். என்னிடம் அப்போது செவலை என்று ஒரு நாட்டு நாய் இருந்தது, பெயரைச் சொன்னால் பாதி ஓட்டத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். காலை ஐந்தே முக்கால் இருக்கும், கரையில் யாருமில்லை என்று அவிழ்த்துவிட்டிருந்தேன். வளைவில் ஒரு பாட்டி குளித்து முடித்து, ஈரத்துணி நிறைந்த வாளியோடு படியேறி வந்துகொண்டிருந்தார். செவலை வாலை ஆட்டிக்கொண்டுதான் போனது, குரைக்கக்கூட இல்லை. பாட்டி பின்னால் ஒரு எட்டு வைத்தார், பாசி பிடித்த படி, கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார், வாளி உருண்டு துணியெல்லாம் தண்ணீரில் போனது. நான் ஓடிப்போய்ச் சொன்ன முதல் வார்த்தை, “அது ஒண்ணும் செய்யாது பாட்டி.” அவர் கையை ஊன்றி எழுந்தார். “ஒனக்குத் தெரியும் மக்ளே, எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். சின்ன வயதில் கடித்தது, அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, அந்த 14 ஊசியும் போட்டவர். நானும் அவரும் கரையோரமாக நடந்து துணிகளைக் கம்பால் இழுத்து எடுத்தோம். ஒரு ரவிக்கை மட்டும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது ஒன்றுதான். கயிற்றின் நீளத்தை எதிரே வருகிறவரைப் பார்த்து முடிவு செய்கிறேன். என் நாய் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரிந்த சேதி, எதிரே வருபவருக்கு அது தெரியாது. அவர் பார்ப்பதெல்லாம் முப்பது கிலோ எடையில் பல்லோடு ஒன்று வருகிறது என்பதையும், அதை யாராவது பிடித்திருக்கிறார்களா என்பதையும்தான்.

பொதுவாக 6 அடிக் கயிறு போதும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் அதிகபட்சமே 6 அடிதான். இங்கிலாந்தில் திறந்தவெளி மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, 2 மீட்டருக்கு மிகாத கயிறு கட்டாயம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கின்றன, காரணம் உண்டு. ஆறடியில் நாய் தாராளமாக மோந்து பார்க்கலாம், ஆனால் பாதையின் அடுத்த ஓரத்தில் போகிறவரை எட்டாது. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு விற்கிறார்களே, அதைப் பூங்காவிலோ ரோட்டிலோ பயன்படுத்த வேண்டாம். 5 மீட்டர் நீண்ட பிறகு பாய்கிற நாயை பட்டனை அமுக்கி நிறுத்துவதற்குள் சைக்கிள்காரர் விழுந்திருப்பார், அந்த மெல்லிய கயிறு விரலில் சுற்றினால் சதையை அறுத்துவிடும். இரும்புச் செயினும் வேண்டாம், நாய் இழுத்தால் உங்கள் உள்ளங்கைதான் கிழியும். ஒரு அங்குல அகலத்தில் நைலான் அல்லது பருத்தி வார், மார்போடு சேரும் ஹார்னஸ், இரண்டும் போதும். கழுத்துப் பெல்ட் மட்டும் என்றால், பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவு இறுக்கம் இருக்கட்டும். கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வெடி போடும் நாட்களில் பயந்துபோன நாய் தலையை உருவிக்கொண்டு ஓடுவதற்குத் தளர்ந்த பெல்ட்தான் காரணம்.

கயிற்றைக் கையில் சுற்றிக் கட்டாதீர்கள், நாய் பாய்ந்தால் மணிக்கட்டு போய்விடும். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சத்தை மடித்து உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் நாயின் பக்கம் ஒரு பிடி. எதிரே ஆள் வந்தால் அந்த இரண்டாவது கை கயிற்றில் கீழே இறங்கும், ஆறடி இரண்டடியாகும், நாயை அந்த ஆளுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுவந்து நீங்கள் நடுவில் நடப்பீர்கள். குழந்தை வந்தாலும், கம்பூன்றி வருகிறவர் வந்தாலும் நானாகவே ஓரத்தில் நின்று நாயை உட்காரவைத்துவிடுவேன், அவர்கள் கடந்து போகட்டும். யாராவது நாயைத் தடவ ஆசைப்பட்டால் கேட்கட்டும். உங்கள் நாய் இன்னொரு நாயிடம் போக ஆசைப்பட்டால் நீங்கள் கேளுங்கள். “விடலாமா?” என்று ஒரு சொல், அவ்வளவுதான். கயிற்றில் இருக்கும் இரண்டு நாய்களை மூக்கோடு மூக்கு நேராக நிறுத்தாதீர்கள், ஒதுங்கிப் போக வழியில்லாமல்தான் பாதிச் சண்டை வருகிறது.

இனி சானல்கரை. பூங்காவைவிட நம் மாவட்டத்தில் நாயோடு நடக்க நல்ல இடம் அனந்தனாறும் தோவாளைச் சானலும் அதன் கிளைகளும்தான். நிழல் இருக்கும், தார் சூடு இருக்காது. ஆனால் இது நம் நாய்க்காக யாரும் போட்ட பாதை இல்லை. குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள், மடையைத் திறந்துவிட விவசாயி மண்வெட்டியோடு வருகிறார். குளிக்கும் படித்துறை தெரிந்ததும் கயிற்றைக் குட்டையாக்கி, முடிந்தால் எதிர்க்கரைக்கு மாறிவிடுங்கள். பெண்கள் குளிக்கும் இடத்தில் நாய் தண்ணீர் குடிக்கிறது என்று நின்றுகொண்டிருப்பது நாய் விஷயம்கூட இல்லை, மரியாதை விஷயம். லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் குதிக்கும் இனம், பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் மாதங்களில் ஓட்டம் வேகமாக இருக்கும், சிமெண்ட் போட்ட கரையில் நாய்க்கு ஏறிவர வழி கிடைக்காது. புல் அடர்ந்த இடத்தில் முகத்தை நுழைக்க விடாதீர்கள், கண்ணாடி விரியன் கிடக்கும். விடியுமுன் போனால் டார்ச் கட்டாயம்.

கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்து ஒன்றாகப் போவதைப் பார்த்தால் எவ்வளவு பழகிய நாயும் ஒரு நிமிஷம் தன்னை மறந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் என்றால் நிச்சயம் மறந்துவிடும், கண்ணில் பட்டதை விரட்டுவது அவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறது. கடித்தால்தான் நஷ்டம் என்றில்லை, சினை ஆட்டை விரட்டினாலே குட்டி போய்விடும். அந்த ஆடுதான் அந்த வீட்டின் சேமிப்பு. ஆடு, மாடு, வாத்து எதுவாக இருந்தாலும் நாயை நிறுத்துங்கள், மந்தை போகட்டும், மேய்ப்பவர் கைகாட்டிய பிறகு நடங்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர் தோட்டத்துக்குள் நல்ல நடைபாதைகள் இருக்கும், ஆனால் அது தனியார் நிலம், கேட்டுவிட்டுப் போங்கள். பால்வெட்டுகிறவர்கள் இருட்டோடு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், கையில் கத்தி. பின்னாலிருந்து “பட்டி” (அந்தப் பக்கம் நாயை அப்படித்தான் சொல்வார்கள்) ஒன்று சத்தமில்லாமல் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தூரத்திலேயே குரல் கொடுங்கள். சிரட்டையைத் தட்டிவிட்டால் ஒரு மரத்தின் அன்றைய பால் போச்சு.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. நம் ஊரில் அரை கிலோமீட்டர் நடந்தால் ஒரு இசக்கியம்மன் கோவில், ஒரு குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்), ஒரு நிழல்தாங்கல் (அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டிடம்) வந்துவிடும். நாய்க்கு அங்கே இருக்கும் கல்லும் தூணும் காலைத் தூக்கச் சரியான இடம். அந்த இடம் வருவதற்கு இருபதடி முன்பே கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நிற்காமல் கடந்துவிடுங்கள். அதே மாதிரி, விடியற்காலையில் தொழுகைக்குப் போகிறவர்கள் எதிரே வருவார்கள். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ துணியில் பட்டால் அதைக் கழுவாமல் அவர்கள் தொழ முடியாது, இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி வழியில் ஏழு முறை கழுவ வேண்டும் என்றே இருக்கிறது. வேகமாகப் போகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று புரிந்துகொண்டு நாமே பாதையின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது.

நாய் வெளிக்குப் போனால் அள்ளத்தான் வேண்டும். மண்ணில் மக்கிவிடும் என்று விடக்கூடாது, அது மக்குவதற்குள் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மண்ணுக்குள் இறங்கிவிடும், வெறுங்காலோடு நடக்கிறவரின் தோல் வழியாகவே ஏறும். சானல்கரையில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள்தான் அதிகம், மழை பெய்தால் அது நேராகக் குளிக்கிற தண்ணீருக்குப் போகும். பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பழைய தினத்தாள் போதும். நான்காக மடித்து இரண்டு தாள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் குந்த ஆரம்பித்ததும் ஒரு தாளைக் கீழே நீட்டிவிட்டால் மண்ணில் படாமலே முடிந்துவிடும், மூன்றே நாளில் உங்களுக்குக் கை பழகிவிடும். வீட்டில் ஒரு ஓரத்தில் குழிவெட்டிப் போட்டு மூடுங்கள், காய்கறிப் பாத்தியில் மட்டும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம். ஊசி அட்டையை போனில் படமெடுத்து வைத்திருங்கள், யாராவது கேட்டால் சண்டை போடாமல் காட்டிவிடலாம்.

கடற்கரை பற்றிக் கேட்டீர்கள். சொத்தவிளை, சங்குத்துறை போன்ற இடங்களில் சாயங்காலம் கூட்டம் இருக்கும், நாயோடு போக அது நேரமில்லை. விடிந்ததும் போங்கள், கயிறோடு. கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் நாயை விடாதீர்கள், வலையில் காலைத் தூக்கினால் அது ஒருவரின் தொழில் கருவி. வலையிலிருந்து கழித்து மணலில் எறிந்த மீன்களில் பேத்தை என்ற விஷ மீன் இருக்கும், செத்த பிறகும் விஷம் போகாது, தின்ற நாய்க்குக் கைகால் விழுந்து மூச்சு நின்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. கயிறில்லாத நாய் எதை விழுங்கியது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். நாய்கள் அந்தக் குழியைத் தோண்டித் தின்றுவிடும், ஊருக்குள் திரியும் நாயும் வளர்ப்பு நாயும் இதில் ஒன்றுதான்.

சுசீந்திரம், தேரூர், மணக்குடி, வேம்பனூர் பக்கம் பறவைகளுக்காகவே நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். சுசீந்திரம் தேரூர் சதுப்பு நிலமும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசை வரும் பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும், ஒரு நாய் ஓடினால் கூட்டமே எழும்பும், அப்படிப் பத்து முறை எழும்பினால் அன்றைக்குத் தின்றதெல்லாம் அதிலேயே போய்விடும். ரோட்டோரமாகக் கடந்துதான் போகவேண்டும் என்றால் மூன்றடிக் கயிறு, நிற்காமல்.

மலைக்கு வேண்டாம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கமெல்லாம் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியவை, சரணாலயத்தின் பரப்பு ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர். யானையைக் கண்டு பயந்த நாய் ஓடுவது உங்களை நோக்கித்தான், யானை அதன் பின்னால் வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. அதைவிடப் பெரிய கவலை நோய். குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸ்தான் அவற்றில் கண்டறியப்பட்டது. வனவிலங்குச் சட்டம் சரணாலயத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைக்கே தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான். மருந்துவாழ்மலையிலும் வேண்டாம், வழியெல்லாம் குரங்கு, குகைகளில் கும்பிட வருகிறவர்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் ஒடுக்கமான பாதை, இரண்டு பேர் ஒதுங்கவே இடம் பார்க்கவேண்டும்.

தெருநாய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விட்டால் நாளைக்கே மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு முக்கிலும் ஒரு கூட்டம், அது அவற்றின் எல்லை. தூரத்தில் பார்த்ததும் வளைந்து போங்கள், நேராக நடுவே நுழையாதீர்கள். உங்கள் கயிறு விறைத்தால் உங்கள் நாயும் விறைக்கும், அதனால் குட்டையாகப் பிடித்தாலும் தொங்கலாக விடுங்கள். ஓடாதீர்கள், நாயைத் தூக்காதீர்கள், கல்லெடுக்காதீர்கள். நம் ஊரில் குடை எப்படியும் கையில் இருக்கும், அதை நாய்களின் பக்கமாகச் சட்டென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கும், இல்லாவிட்டாலும் நடுவில் ஒரு தடுப்பு ஆகும். கடி விழுந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு மாதிரி வயிற்றில் 14 ஊசி இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள், 0, 3, 7, 28-ஆம் நாட்கள். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

கடைசியாக மகள். ஒன்பது வயதுக் குழந்தை லாப்ரடாரைத் தனியாகப் பிடிக்க முடியாது, அது பூனையைப் பார்த்தால் குழந்தையை ரோட்டில் இழுத்துப் போட்டுவிடும். ஆனால் ஆசையைக் கெடுக்கவும் வேண்டாம். ஹார்னஸில் இரண்டு கயிறு மாட்டுங்கள். முதுகு வளையத்தில் மகளின் கயிறு, மார்பு வளையத்தில் உங்களுடையது. மகளின் கயிற்றில் கைப்பிடி வளையத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், நாய் இழுத்தால் கையிலிருந்து வழுகிப் போகட்டும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எதிரே ஆள் வருவதைக் கண்டுபிடித்துச் சொல்வதும், “உட்கார்” என்று சொல்வதும் அவள் வேலை, குட்டையாக்குவது உங்கள் வேலை. முதல் வாரம் காலை ஆறு மணிக்கு, ஆள் குறைந்த பாதையில், பத்து நிமிஷம் மட்டும் போய்ப் பாருங்கள்.